சபா கேன்டீனும் சாஸ் கம்பெனியும்: சென்னையில் ஸ்டார்ட்அப்கள் முளைத்த விதம்

மார்கழியில் பகல் பன்னிரண்டு மணிக்கு மயிலாப்பூர், தி.நகர் பக்கம் ஏதாவது ஒரு சபாவுக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள். டிக்கெட் கிடையாது. மேடையில் இருபது வயதுப் பெண் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தோடி பாடிக்கொண்டிருப்பார். கீழே இருநூறு நாற்காலிக்கு முப்பது பேர், அதில் பத்துப் பேர் அவருடைய சொந்தக்காரர்கள், நாலு பேர் ஏ.சி.க்காக ஒதுங்கியவர்கள். ஆனால் மூன்றாவது வரிசையில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ஒரு மாமா இருப்பார் பாருங்கள், அவர்தான் முக்கியம். கச்சேரி முடிந்து கேன்டீனில் அடை அவியலுக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் இன்னொரு சபாக்காரரிடம் "அந்தப் பொண்ணு நல்லா பாடறா, அடுத்த வருஷம் மூணு மணிக்குப் போடலாம்" என்பார். ஒருவருடைய வாழ்க்கை அந்த வரிசையில் வைத்தே நகர்ந்துவிடும்.

போன மாதம் என் அத்தை, "இந்த ஸ்டார்ட்அப் ஸ்டார்ட்அப்னு சொல்றாங்களே, அது என்னடா, அது ஏன் ஒரு ஊர்ல வருது, இன்னொரு ஊர்ல வரமாட்டேங்குது?" என்று கேட்டார். அத்தை ஐம்பது வருஷமாக சீசன் டிக்கெட் வாங்குகிறவர். அதனால் அவருக்கு சபாவை வைத்தே சொன்னேன். அதையே கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தமிழனுக்குக் கணக்கும் சங்கீதமும் ரத்தத்திலேயே உண்டு, அதான் சென்னையில் சாஃப்ட்வேர்" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சேர்த்தது, சந்தோஷம். அதற்காக ஆதி தாளம் தெரிந்தவனுக்கெல்லாம் நிரல் எழுத வந்துவிடாது. ஒரு ஊரில் பாடகர்கள் எப்படி உருவாகிறார்களோ, ஏறக்குறைய அதே வழியில்தான் கம்பெனி ஆரம்பிக்கிறவர்களும் உருவாகிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. குரு வேண்டும், சின்ன மேடை வேண்டும், கேன்டீன் வேண்டும், காசு கொடுத்துக் கேட்க ஆள் வேண்டும்.

சரி, முதலில் ஸ்டார்ட்அப் என்றால் என்ன? புதிதாக ஆரம்பித்த தொழிலெல்லாம் ஸ்டார்ட்அப் இல்லை. நீங்கள் வளசரவாக்கத்தில் ஒரு இட்லிக்கடை வைத்தால் அது தொழில். எத்தனை இட்லி விற்கும், வாடகை எவ்வளவு, மாசம் என்ன நிற்கும் என்று ஏறக்குறைய முன்னாலேயே தெரியும், ஏனென்றால் உங்களுக்கு முன்னால் லட்சம் பேர் செய்த தொழில். ஸ்டார்ட்அப்பில் இதை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்றே தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் இரண்டு மூன்று வருஷத்து வேலையே. கண்டுபிடித்துவிட்டால், ஆளையும் செலவையும் அதே அளவுக்குக் கூட்டாமல் பத்து மடங்கு, நூறு மடங்கு பெரிதாக முடியும். முடியாவிட்டால் மூடிவிட்டுப் போகவேண்டியதுதான், பெரும்பாலானவை மூடத்தான் செய்கின்றன.

சென்னையின் ஸ்டார்ட்அப்களில் பேர் வாங்கியவை பலவும் செய்வது சாஸ் என்கிற ஒன்று. சட்னி சாஸ் இல்லை, சாஃப்ட்வேரை மாதச் சந்தாவுக்கு விற்கிற முறை. இதைப் புரிந்துகொள்ள திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிய யாரையாவது கேளுங்கள். அறையில் நீங்களே சமைக்க வேண்டுமென்றால் அடுப்பு வாங்க வேண்டும், பாத்திரம் வாங்க வேண்டும், தேய்க்க வேண்டும், கேஸ் தீர்ந்தால் அலைய வேண்டும். அந்தக் காலத்து சாஃப்ட்வேர் அப்படித்தான், கம்பெனிகள் லட்சக்கணக்கில் கொடுத்து ஒரே தடவையாக வாங்கி, அதை ஓட்ட சர்வர் வாங்கி, சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, வருஷா வருஷம் பராமரிப்புக்குத் தனியாக அழுதுகொண்டிருந்தன. மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. போய் உட்கார்ந்தால் இலை விழும். பிடிக்காவிட்டால் அடுத்த மாசம் எதிர் மெஸ்ஸுக்குப் போய்விடலாம், அதனால் மெஸ்காரர் தினமும் சாம்பாரை ஒழுங்காக வைத்தே ஆகவேண்டும்.

ஆனால் மெஸ்ஸுக்கு முப்பத்தோராவது ஆள் வந்தால் இன்னொரு பிடி அரிசி போட வேண்டும். சாஃப்ட்வேரில் அந்தச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமேயில்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம், எண்கள் என் கற்பனைதான். ஒரு கடைக்காரர் தன் ஊழியர்கள் ஐந்து பேருக்கு, தலைக்கு மாசம் 20 டாலர் என்று கொடுக்கிறார், ஆக 100 டாலர். உலகம் முழுக்க இப்படி ஆயிரம் கடைக்காரர்கள் கிடைத்தால் மாசம் ஒரு லட்சம் டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 85 லட்சம். கடைக்காரர்கள் இருப்பது பெர்த்திலும் டெக்சாஸிலும். வேலை செய்கிறவர்கள் இருப்பது பெருங்குடியில், வாங்குவது ரூபாய்ச் சம்பளம். அந்த இடைவெளியில்தான் சென்னை சாஸ் நிற்கிறது. இந்த அளவு சந்தாவுக்காக விமானம் ஏறிப் போய் யாரையும் பார்க்கக் கட்டுப்படியாகாது என்பதால் விற்பனையும் இங்கிருந்தே போனில், வீடியோவில் நடக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் நடுராத்திரி ஒரு மணிக்கு டீக்கடையில் கூட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதில் பாதிப்பேர் இப்போதுதான் அமெரிக்காக்காரர் ஒருவருக்கு டெமோ காட்டிவிட்டு இறங்கி வந்தவர்களாக இருப்பார்கள்.

இதெல்லாம் திடீரென்று வந்ததில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இணையச் சேவைக் கம்பெனி சத்யம் இன்ஃபோவே, பிறகு சிஃபி என்று பேர் மாறியது, 1999லேயே அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலாகிவிட்டது. சிஃபி பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து மெயில் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பேர் நன்றாகவே நினைவிருக்கும். முருகவேல் ஜானகிராமன் 1997 வாக்கில் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்காக நடத்திய ஓர் இணையதளத்திலிருந்துதான் பாரத் மேட்ரிமோனி வந்தது. 2000 ஜூலையில் தரமணியில் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கென்று டைடல் பார்க் திறந்தார்கள். டிட்கோ, எல்காட் இரண்டு அரசு நிறுவனங்களின் பேரையும் ஒட்டவைத்தால் டைடல். அப்புறம் எண்பதுகளின் நடுவிலிருந்து ஊர் ஊராக முளைத்த தனியார் பொறியியல் கல்லூரிகள், ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டில் ஐந்நூறைத் தாண்டின. அதன் தரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், போட்டிருக்கிறேன். ஆனால் வேலூரிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பெட்டியோடு கோயம்பேட்டில் வந்து இறங்கியிருக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடந்திருக்காது.

ஆனால் கட்டடமும் பட்டதாரியும் இருந்தால் வேலைதான் கிடைக்கும், கம்பெனி பிறக்காது. அதற்கு ஒரு குருகுலம் வேண்டியிருந்தது.

அந்தக் குருகுலம் ஜோஹோ. 1996இல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலானவர்கள் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற பேரில் ஆரம்பித்தது. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2001 வாக்கில் அமெரிக்காவில் டாட்காம் குமிழி உடைந்ததும், அதாவது தாறுமாறாக ஏறியிருந்த இணையக் கம்பெனிப் பங்குகள் சரிந்ததும், அந்த வாடிக்கையாளர்களில் பலர் காணாமலே போய்விட்டார்கள். வெளி முதலீடு வாங்கியிருந்தால் அப்போதே யாராவது கதவைச் சாத்தியிருப்பார்கள். இவர்கள் சொந்தக் காசில் ஓட்டிக்கொண்டிருந்ததால் நிதானமாக உட்கார்ந்து வேறு சாஃப்ட்வேர்கள் செய்ய முடிந்தது. 2005இல் ஜோஹோ என்ற பேரில் இணையத்தில் ஓடும் சாஃப்ட்வேர் விற்க ஆரம்பித்து, 2009இல் கம்பெனியின் பேரையே அப்படி மாற்றிக்கொண்டார்கள். இன்றுவரை வெளியார் முதலீடு வாங்காமல்தான் நடத்துகிறார்கள்.

கல்லூரிக்கே போகாத பிள்ளைகளையும் பிளஸ் டூவோடு எடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருஷம் கற்றுக்கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் பள்ளி ஒன்றையும் ஜோஹோ 2004–05 வாக்கில் ஆரம்பித்தது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு சாஃப்ட்வேர் சேவை கம்பெனியில் பத்து வருஷம் இருந்தால் வாடிக்கையாளர் சொன்னதைச் செய்துகொடுக்கப் பழகுவீர்கள். ஜோஹோ மாதிரி சொந்தப் பொருள் விற்கிற இடத்தில் இருந்தால் எதைச் செய்வது, என்ன விலை வைப்பது, எவன் எதற்காக விட்டுவிட்டுப் போகிறான் என்று தலையை உடைத்துக்கொள்ளப் பழகுவீர்கள். இரண்டும் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலைதான், ஆனால் ஒன்று கல்யாணக் கச்சேரி, மற்றது சபா கச்சேரி.

இங்கே கற்றுக்கொண்டு வெளியே வந்தவர்களில் பேர் பெற்றவர் கிரீஷ் மாத்ருபூதம். பேரைக் கேட்டதுமே திருச்சிக்காரர் என்று சொல்லிவிடலாம், மாத்ருபூதேஸ்வரர் என்றால் மலைக்கோட்டைத் தாயுமானவர்தான். அவர் அமெரிக்காவிலிருந்து சென்னை திரும்பியபோது கப்பலில் அனுப்பிய டிவி உடைந்து வந்தது. இன்சூரன்ஸ் பணத்துக்காக மாதக்கணக்கில் மெயில் போட்டு, போன் போட்டு ஒன்றும் நடக்கவில்லை. வெறுத்துப்போய், ஊர் திரும்புகிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கம் ஒன்றில் நடந்ததை அப்படியே எழுதிவிட்டார். உடனே மன்னிப்பு வந்தது, பணமும் வந்தது. வாடிக்கையாளரின் புகார் போன், மெயில் என்ற நாலு சுவருக்குள் இருந்து தெருவுக்கு வந்துவிட்டது, அதைக் கையாளும் சாஃப்ட்வேர் இதற்குத் தயாராக இல்லை என்று அவருக்கு உறைத்த இடம் அது. கொஞ்ச நாளில், அந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த அமெரிக்கக் கம்பெனி ஒன்று விலையைத் தாறுமாறாக ஏற்றியதையும், ஒழுங்கான விலைக்கு ஒருவன் செய்தால் வாங்க ஆள் இருக்கிறது என்று யாரோ எழுதியதையும் படிக்கிறார். 2010இல் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன இடத்தில் ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பமானது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்வி நிறுவனம். கீழ்க்கட்டளைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் ஒரு விற்பனை அலுவலகம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள், மேலே சொன்ன மெஸ் கணக்கு இதுதான்.

2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பேர் மாறி, 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் பட்டியலானது. பங்கு 36 டாலருக்கு, நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அந்தத் திட்டத்துக்கு உள்ளுக்குள் வைத்திருந்த பேர் 'ப்ராஜெக்ட் சூப்பர்ஸ்டார்', ரஜினி ரசிகர் வேறெப்படி வைப்பார். அன்றைக்கு இந்தியாவில் உள்ள ஊழியர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனதாக கிரீஷ் சொன்னார், அதில் எழுபது பேர் வரை முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள்.

அவர்களெல்லாம் எப்படிக் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்றால், அதற்குப் பேர் ஈசாப். நீதிக்கதை சொன்னவர் இல்லை, ஊழியர்களுக்குக் கம்பெனிப் பங்கை முன்கூட்டியே குறித்த விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை தருவது. இதற்கும் ஒரு கற்பனைக் கணக்கு. வேலையில் சேரும்போது, பங்கு 100 ரூபாய் என்று 1,000 பங்குக்கு உரிமை தருகிறார்கள். ஒரே நாளில் கைக்கு வராது, வருஷத்துக்கு 250 என்று நாலு வருஷத்தில் உங்களுடையதாகும், நடுவில் ஓடிப்போனால் மீதி போச்சு. பிற்பாடு பங்கு 3,000 ரூபாய்க்குப் போனால், ஒரு லட்சம் கட்டி முப்பது லட்சம் எடுக்கிறீர்கள், வரிக்கு முன்னால் 29 லட்சம் லாபம். கம்பெனி படுத்துவிட்டால் கையில் இருப்பது ஒரு காகிதம். இன்னொரு வில்லங்கமும் உண்டு, பொதுவாக உரிமையைப் பயன்படுத்தி பங்கை வாங்கும்போதே அதன் மதிப்பு உயர்வைச் சம்பளமாக எண்ணி வரி போட்டுவிடுவார்கள், விற்றுக் காசைக் கண்ணால் பார்க்கும் முன்னாலேயே. ஆஃபர் லெட்டரில் பெரிய எண்ணாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கே பட்டியலான சில மாதங்களிலேயே அந்த 36 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது, நல்ல நேரத்தில் விற்றவர் ஒரு கதை, வைத்துக்கொண்டிருந்தவர் வேறு கதை.

ஆனால் ஊருக்கு நடந்தது என்ன என்று பாருங்கள். அதற்கு முன்பு "நம்ம ஊரில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கு விற்க முடியுமா?" என்பது கேள்வியாக இருந்தது. இப்போது அதே அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் கையில் பணமும் இருக்கிறது, எப்படிச் செய்வது என்றும் தெரிகிறது. அவன் அடுத்தவனுக்கு முதல் காசு போடுகிறான். இப்படி ஆரம்பக் கட்டத்தில் சொந்தப் பணத்தைப் போடுகிறவரைத்தான் ஏஞ்சல் என்கிறார்கள். 2007லேயே தி சென்னை ஏஞ்சல்ஸ் என்று ஒரு குழு அமைந்துவிட்டது. 2011இல் நாலு நண்பர்கள் ஆரம்பித்த சார்ஜ்பீ, சந்தா வசூலிப்பதற்கே ஒரு சாஃப்ட்வேர் செய்தது, அதாவது மெஸ்காரர்களுக்கெல்லாம் கணக்கு நோட்டு விற்கிற கடை. 2021இல் அது யூனிகார்ன் ஆனது, நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்ட கம்பெனிக்கு அந்தப் பேர். சுரேஷ் சம்பந்தத்தின் சாஃப்ட்வேர் கம்பெனி கிஸ்ஃப்ளோவும் இதே ஊர்தான். குருகுலத்தில் எல்லாம் சுமுகமாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம், ஜோஹோ 2020இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மேல் அமெரிக்காவில் வழக்கு போட்டு, அது பிறகு சமரசத்தில் முடிந்தது. பாணி பிரிந்தால் பேச்சு நிற்பது சங்கீதத்திலும் உண்டுதானே.

கேன்டீன் எங்கே என்கிறீர்களா? 2015 வாக்கில் சென்னையில் சாஸ் கம்பெனி நடத்துகிறவர்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள், பிற்பாடு அது சாஸ்பூமி என்ற பெரிய கூட்டமாக வளர்ந்தது. அங்கே என்ன கிடைக்கிறது என்றால், புத்தகத்தில் இல்லாத பதில். மாசம் 20 டாலரை 29 ஆக்கினால் எத்தனை பேர் ஓடுவார்கள், முதல் அமெரிக்க விற்பனையாளரை எப்போது வேலைக்கு எடுப்பது, கூட ஆரம்பித்த நண்பன் வேலை செய்யாவிட்டால் எப்படிச் சொல்வது. இதை ஏற்கெனவே அடிபட்டவன் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவான், தனியாகக் கண்டுபிடிக்க ஒரு வருஷமும் சில லட்சமும் போகும். ஸ்டார்ட்அப் சூழல், எகோசிஸ்டம் என்றெல்லாம் பெரிய வார்த்தையில் சொல்வதில் முக்கால்வாசி இந்தப் பத்து நிமிஷம்தான்.

பகல் பன்னிரண்டு மணி மேடை என்று சொன்னேனே, அதன் பேர் இன்குபேட்டர், புதுக் கம்பெனிகளுக்கு இடமும் உதவியும் கொடுத்து வளர்த்துவிடும் இடம். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கும் அதே பேர்தான், வேலையும் அதே. இதில் சென்னைக்குக் கிடைத்த வரம் ஐஐடி மெட்ராஸ். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று, 2010இல் தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா வந்தது. அங்கே பெரிய கம்பெனிகள் வாடகை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிட முடியாது. ஐஐடியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தோம், மாணவர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுத்தோம் என்று புள்ளி சேர்த்துக் காட்ட வேண்டும். ஆக பேராசிரியரும், மாணவரும், கம்பெனிக்காரரும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்க வேண்டியதாகிறது. பேச்சை அலசும் சாஃப்ட்வேர் செய்யும் யூனிஃபோர், மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எல்லாம் ஐஐடி நிழலில் வளர்ந்தவை. 2017இல் ஆரம்பித்த அக்னிகுல் காஸ்மோஸ், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக அடித்தெடுத்த எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டை விட்டது. அதற்கு முன் நாலு தடவை தேதி குறித்துத் தள்ளிப்போட்டார்கள். சாஸ் கம்பெனி தப்பு செய்தால் ராத்திரி திருத்திவிடலாம், ராக்கெட்டில் அது நடக்காது. இதற்குப் பொறுமையான பணமும் ஆய்வுக்கூடமும் வேண்டும், அதனால்தான் இந்த மாதிரி கம்பெனிகள் கல்வி நிலையத்தின் மதிலை ஒட்டியே முளைக்கின்றன. தமிழ்நாடு அரசும் ஸ்டார்ட்அப் டிஎன் என்ற தன் அமைப்பு வழியாகத் தொடக்கக் கட்டத்துக்குப் பணம் தருகிறது, மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று வெளியூர்களிலும் மையம் வைத்திருக்கிறது.

குறை இல்லாமலா? முதல் குறை, ரசிகர்கள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சென்னை சாஃப்ட்வேரை மாசா மாசம் காசு கொடுத்து வாங்க சென்னைக் கடைக்காரரை ஒத்துக்கொள்ள வைப்பது இன்னும் பாடுதான். என் நண்பன் ஒருவன் பாரிமுனை மொத்த வியாபாரிகளுக்காகக் கணக்கு ஆப் செய்தான். எல்லாரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள், "நல்லா இருக்கு தம்பி, ஃப்ரீயா கொடுத்தீங்கன்னா நாலு பேருக்குச் சொல்றேன்" என்றார்கள். பதினெட்டு மாசத்தில் கடையை மூடினான். இரண்டாவது, பெரிய முதலீட்டாளர்கள் உட்கார்ந்திருப்பது பெங்களூரில். ஏதரை ஆரம்பித்தவர்கள் சென்னையில் படித்தவர்கள், கம்பெனி வளர்ந்தது பெங்களூரில், ஸ்கூட்டர் தயாராவது ஓசூரில். ஃப்ரெஷ்வொர்க்ஸின் தலைமையகம்கூட காகிதப்படி கலிபோர்னியாதான். மூன்றாவது, தண்ணீர். பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றி அலுவலகம் கட்டிவிட்டு டிசம்பரில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2015 வெள்ளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குழு லேப்டாப்பைக் குப்பைப் பையில் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, பஸ் பிடித்து பெங்களூர் போய் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து வேலை பார்த்தது. அவர்களுடைய கனடா வாடிக்கையாளருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம ரமேஷ் பொண்ணுக்கு வந்திருக்கற அந்தப் பையன், ஸ்டார்ட்அப்புல இருக்கான்னு வேண்டாம்னுட்டாங்களே, திரும்பக் கேக்கலாமா?" என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் அவரே "நிரந்தரம் இல்லாத உத்தியோகம்" என்று ஒதுக்கியிருப்பார். கேட்கலாம் என்றேன். கேட்டார்கள். பையன் வீட்டில் அனுப்பிய விவரத்தில் ராசி, நட்சத்திரம், சம்பளத்துக்குக் கீழே தனி வரியில் ஈசாப் என்று ஒரு எண் இருந்தது. அத்தை போன் போட்டு முதலில் கேட்டது, "நாலு வருஷம் முடிஞ்சுடுத்தாமா, இல்ல இன்னும் பாக்கி இருக்காமா?"